கெட்டது எது?

சத்தத்தைக் குறைக்கத் திருகினால் கூடுகிறது. கூட்டத் திருகினால் ஒரு படி ஏறி இரண்டு படி இறங்குகிறது. காரில் இன்ஃபோடெயின்மென்ட் திரைக்குப் பக்கத்தில் இருக்கும் வால்யூம் குமிழ் கொஞ்ச நாளாக இப்படித்தான். பின் சீட்டில் குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து எஃப்.எம். விளம்பரம் அலறும்.

சர்வீஸ் சென்டரில், "யூனிட்டையே மாத்தணும் சார்" என்றார்கள். திரை, ரேடியோ, ப்ளூடூத், மேப் எல்லாம் அடங்கிய பெட்டி அது. பல ஆயிரம் ரூபாய். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உதிரிபாகப் பட்டியலில் அந்தப் பெட்டிக்குத்தான் எண் உண்டு, அதன் குமிழுக்குக் கிடையாது. பட்டியலில் இல்லாததை அவர்கள் எங்கிருந்து வரவழைப்பார்கள்?

ஆனால் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களை அழுத்தினால் சத்தம் ஒழுங்காகக் கூடியது, ஒழுங்காகக் குறைந்தது. அப்படியென்றால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. அதற்குப் போகும் தகவல்தான் தப்பு.

பழைய ரேடியோவின் குமிழுக்குள் கரித் தடம் ஒன்றின்மேல் உலோக நாக்கு நகரும். இரு முனைகளிலும் முட்டி நிற்கும். தூசு படிந்தால் கரகரக்கும், அவ்வளவுதான். இன்றைய குமிழ் பெரும்பாலும் ரோட்டரி என்கோடர். அது முடிவில்லாமல் சுற்றும். தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்கே தெரியாது. 'இந்தப் பக்கமாக ஒரு படி நகர்ந்தேன்' என்று மட்டும் சொல்லும். உள்ளே இரண்டு தொடுமுனைகள், ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இணைந்து விலகும். எது முந்தியது என்பதை வைத்துத்தான் திசை முடிவாகிறது. இரண்டு சாட்சிகளில் யார் முதலில் வாய் திறந்தார் என்று பார்த்துத் தீர்ப்பு எழுதுவது போன்ற ஏற்பாடு. கிரீஸ் இறுகியோ முனை கறுத்தோ ஒரு சாட்சி திக்கினால் போதும், தீர்ப்பு தலைகீழ்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப் உடையாமல் பேனலைப் பெயர்த்தேன். சில ஸ்டீரியோக்கள் மின்சாரம் போய் வந்தால் பாதுகாப்பு எண் கேட்கும். அதை முன்பே எடுத்துவைப்பது நல்லது. தண்டின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் திருகியதில் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு மறுபடியும் அலறல்.

அடுத்த முறை குமிழ் இருக்கும் போர்டையே எடுத்துக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு கால். மூணு சுத்துறதுக்கு, ரெண்டு அமுக்குறதுக்கு" என்றார். "தண்டு நீளம் என்ன சார்? டி-கட்டா, பல்லு வெட்டினதா? ஒரு சுத்துக்கு எத்தனை க்ளிக்?" கடைசிக் கேள்விதான் முக்கியம். க்ளிக்கும் துடிப்பும் பழையதோடு பொருந்தாவிட்டால், ஒரு க்ளிக்குக்கு இரண்டு படி தாவும். பொருத்தமானதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு மீல்ஸை விடக் குறைந்த விலை. பழையதன் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதியதை சாலிடர் வைத்ததோடு வேலை முடிந்தது.

சர்வீஸ் சென்டர் பார்த்ததும் ரிச்சி தெரு பார்த்ததும் ஒரே பழுதுதான். ஒருவருக்கு அது பெட்டி, மற்றவருக்கு ஐந்து கால் உள்ள துண்டு. எதுவரை பிரித்துப் பார்க்கத் துணிகிறோமோ, அதுவரைதான் பழுதும் சுருங்குகிறது. விலையும் கூடவே சுருங்குகிறது.

இப்போது பல கார்களில் குமிழே இல்லை, எல்லாம் தொடுதிரை. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப், 2026 விதிமுறைகளில் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டு உணரக்கூடிய விசைகள் இருப்பதற்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. திரையில் வரைந்த குமிழ் தேயாது, உண்மைதான். ஆனால் அந்தத் திரை தொடுதலை உணர மறுக்கும் நாளில், ஏ.சி., பாட்டு, மேப் எல்லாம் சேர்ந்தே போகும். ஐந்து கால் உள்ள எதையும் கேட்டு அன்றைக்கு ரிச்சி தெருவுக்குப் போக முடியாது.