அப்பாவின் தையல் மெஷின் பாடுகிறது!

1948-ல் பாரிஸில் பியர் ஷெஃபர், ரயில் சத்தங்களைப் பதிவுசெய்தே ஓர் இசைக்கோவையை உருவாக்கினார். அப்போது அவரிடம் டேப் இல்லை, இசைத்தட்டுகள்தான். என்னிடமோ செல்போனும், இலவச ‘ஆடாசிட்டி’யும் இருக்கின்றன. பிறகென்ன?

முழங்கால் வலியால் அப்பா தையலை நிறுத்துகிறார். மெஷினை எடுத்துப்போக ஞாயிறன்று ஆள் வருகிறது. அதற்குள் அதன் சத்தம் எனக்கு வேண்டும். எனக்காக ஒரு பழைய துணியை ஓட்டிக் காட்டினார்.

மிதியின் ‘தடக் தடக்’கை வெட்டி லூப் போட்டேன், தாளம் தயார். கத்தரிக்கோலின் ‘சரக்’கைப் பாதி வேகத்தில் ஓட்டினால், ஒரு ஸ்தாயி கீழிறங்கி, யாரோ பெருமூச்சு விடுவதுபோல் கேட்கிறது. எஃபெக்ட்களை அள்ளிக்கொட்ட ஆசை வரும். கொட்டினால் மெஷினே காணாமல் போய்விடும். எதிரொலி மட்டும் கொஞ்சம் சேர்த்தேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்மூடிக் கேட்டார் அப்பா.

“பெல்ட் லூசா இருக்கும்மா. வாங்க வர்றவங்ககிட்ட சொல்லிடணும்.”