ஒட்டினவன் பிழையா?

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு இரும்பு முறியும் கதைகள் புதியனவல்ல. 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், பிரித்தானியரின் ‘வலியன்ற்’ என்னும் போர்க்கப்பலைத் தாங்கி நின்ற மாபெரும் மிதக்குந் துறை இந்தத் துறைமுகத்திலேதான் முதுகு முறிந்து அமிழ்ந்தது. அதன் சிதைவு இன்றும் கடலடியிற் கிடக்கிறது. நாம் இங்கே எழுத வந்த முறிவோ மிகச் சிறியது. ஒரு பேக்கரியின் கொல்லைப்புறத்தில் நிகழ்ந்தது. எந்த வரலாற்று நூலிலும் இடம் பெறாதது.

2022ஆம் ஆண்டு எரிவாயுவும் டீசலும் இன்றி நாடு தவித்த நாட்களில், நாம் பாண் வாங்கும் பேக்கரியின் முதலாளி, கைவிட்டிருந்த பழைய விறகுப் போறணையை மீண்டும் மூட்டினார். விறகின் தேவை பெருகவே, மறு ஆண்டு விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றையும் செய்வித்தார். பழைய பெக்கோ ஒன்றின் கையிலிருந்து கழற்றிய எண்ணெய் உருளை, கழித்துப் போட்ட ஓர் இரும்பு உத்தரம், மின்மோட்டார், பம்பு, தடித்த தகட்டிலே தீட்டிய ஆப்பு. உருளைக்குள் எண்ணெய் பாய, அதன் தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் ஆப்பின்மேல் அழுத்தும். கோடரியால் இருவர் அரைநாள் முழுதும் போராடும் புளியங்கட்டை, அங்கே ஒரு முனகலோடு இரண்டாகும்.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை நாம் பாணுக்காகச் சென்றபோது, கொல்லைப்புறத்தில் ஆரவாரமாயிருந்தது. உருளையின் பின்புறத்தைத் தாங்கி நிற்கும் தகடு பிளந்து, அதிலிருந்த ஓர் ஆணி தெறித்து, இயந்திரத்தில் நின்ற தொழிலாளியின் காதோரமாய்ப் பறந்து மதிலிற் குழி விழுத்தியிருந்தது. மூதூர்ப் பக்கத்திலிருந்து நாட்கூலிக்கு வருகின்ற அம்மனிதர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு கட்டையின்மேல் அமர்ந்து தம் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியோ இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டையக் கோணலா வச்சிருக்கிறான், மாஸ்டர். இல்லாட்டி ஒட்டினவன் பிழை. ரெண்டில ஒண்டு. செலவ ஆரிட்டயாவது கழிக்கத்தானே வேணும்” என்றார் எம்மிடம். ‘ஆரிட்டயாவது’ என்பதில் தம்மை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒட்டினவர் வரவழைக்கப்பட்டார். அவர் எம்முடைய பழைய மாணவர். பத்தாம் வகுப்பில் நாம் ‘உழைப்பின் உயர்வு’ என்ற தலைப்பில் எழுதுவித்த கட்டுரைக்கு இவர் ஆறு வரி எழுதியதும், அதற்கு நாம் நூற்றுக்கு இருபத்தெட்டுப் புள்ளி இட்டுச் சிவப்பு மையால் ‘சிந்தனை போதாது’ என்று குறித்ததும் எமக்கு நினைவிருந்தன. அவருக்கும் நினைவிருந்ததோ என்னவோ, “சேர்” என்று தலையசைத்துவிட்டு நேரே இயந்திரத்தினருகே குந்தினார்.

முதலிலே பிளவின் முகத்தைத் துணியால் துடைத்தார். பிறகு எம்மை அழைத்துக் காட்டினார். “இதப் பாருங்க, சேர். முக்காவாசி கறுத்து, துருப்பிடிச்சுக் கிடக்கு. கரையில மட்டுந்தான் பளபளக்குது. பளபளக்கிறதுதான் இண்டைக்கு வெடிச்சது. மிச்சமெல்லாம் மாதக்கணக்கா வெடிச்சுக்கொண்டு வந்தது. இண்டைக்கு வச்ச கட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

கட்டையின்மேல் இருந்த மனிதர் அப்பொழுதுதான் தலையை நிமிர்த்தினார்.

“அப்ப உன்ர ஒட்டுத்தான் பிழை, தம்பி” என்றார் முதலாளி.

“ஒட்டு அப்பிடியே நிக்குது, முதலாளி. பக்கத்து இரும்புதான் கிழிஞ்சிருக்கு.”

பேச்சோடு அவர் நிற்கவில்லை. இன்னும் தகட்டினுள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வெடிப்பைக் காண வேண்டும் என்றார். தகட்டில் மண்ணெண்ணெய் பூசினார், சற்று நேரம் ஊறவிட்டு உலரத் துடைத்தார், பிறகு எம்மைப் பார்த்து, “சேர், சட்டைப்பையில வெண்கட்டி இருக்குமே?” என்றார். இருந்தது. அதைப் பொடித்துத் தகட்டின்மேல் தூவினார். வெடிப்பினுள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்பொடியில் மயிரிழை போன்ற ஒரு கோட்டை வரைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வெண்கட்டி பிடித்த எமது கைக்கு அப்படியொரு கோடு ஒருநாளும் வாய்த்ததில்லை.

அதன்பின் அவர் கண் சென்ற இடம், பம்பின் அருகிலிருந்த சிறிய வால்வு. எண்ணெயின் அழுத்தம் குறித்த அளவை மீறினால், மிகையைத் தொட்டிக்குத் திருப்பி விடுவது அதன் தொழில். அதன் திருகாணியை உள்ளே முடுக்கினால் அழுத்தம் ஏறும். பூட்டு நட்டின் மூலைகளில் சாவி பட்ட காயங்கள் புதிதாயிருந்தன. பிளந்த தகட்டை வெளியே நின்ற கனத்த உத்தரத்தோடு தற்காலிகமாக முட்டுக்கொடுத்து, தம்மிடமிருந்த அழுத்தமானியை மாட்டி, எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லி, பம்பை ஒரு கணம் ஓடவிட்டார். முள் 240இல் நின்றது. அவர் அமைத்துக் கொடுத்ததோ 175.

உருளையின் விட்டம் பத்துச் சதமமீற்றர். அதன் முகப்பு ஏறக்குறைய 78.5 சதுரச் சதமமீற்றர். சதுரச் சதமமீற்றருக்கு 175 கிலோ என்றால், தகட்டின்மேல் விழுவது பதின்மூன்றரைத் தொன்னுக்குச் சற்று மேல். 240 என்றால் பதினெட்டரையையும் தாண்டும். இந்தக் கணக்கை அவர் மதிலிலே கரித்துண்டால் போட்டார். ஐந்து தொன் கூடுதற் பாரம், நாளொன்றுக்குப் பலநூறு முறை, ஒரே தகட்டில். முடுக்கியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய கட்டைகள் விரைவாகப் பிளக்க வேண்டும் என்று விரும்பியவர் யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உலகப் போரின் நடுவே அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடலாம். 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், போர்ட்லண்ட் நகரில், புதிதாய்க் கட்டி முடித்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், அலையற்ற நீரில் கட்டப்பட்டிருந்தபடியே நடுவில் பிளந்தது. ஆணி அறையாமல் ஒட்டிக் கட்டிய கப்பல்கள் வேறு பலவும் அக்காலத்தில் வெடித்தன. முதற் சந்தேகம் எங்கே சென்றது? ஒட்டிய தொழிலாளரின் கைமேல். கேம்பிறிட்ஜில் ஆய்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்னும் அம்மையார், அக்கப்பல்களின் உருக்குக் குளிரில் நொறுங்குந் தன்மை அடைவதே மூலகாரணம் என்று நிறுவினார். கேடு, வாங்கிய உருக்கிலும் வரைந்த வடிவிலும் இருந்தது. கடைசியாகக் கை வைத்தவன்மேல் பழி சுமத்துவது போர்ட்லண்டுக்கும் திருகோணமலைக்கும் பொதுவான வழக்கம் போலும்.

முதலாளி ஒரு மணி நேரத்தில் மேலாலே ஒட்டித் தரும்படி கேட்டார். மாலைப் பாணுக்கு விறகு வேண்டும். இளைஞர் மறுத்துவிட்டார். வெடிப்பின்மேல் பூசினால் அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றார். குழாய்களைக் கழற்றி எண்ணெயை வடித்தார். உருளையையே அகற்றித் தூரத்தில் வைத்தார். எண்ணெய் எஞ்சிய உருளையருகே தீப்பொறி ஆகாது. சூட்டிலே அதன் ரப்பர் வளையங்களும் கெடும். வெண்கோட்டின் நுனியில் ஒரு துளையிட்டார், வெடிப்பு அதற்கப்பால் ஓடாதபடி. பிறகு அக்கோட்டின் வழியே கிறைண்டரால் அடிவரை சீவி, வாய்க்கால்போல் திறந்தார்.

அவர் கொண்டுவந்தது 7018 என்னும் இலக்கமுடைய கம்பி. கடற்காற்றின் ஈரத்தை அதன் பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் ஒட்டினுள் ஐதரசனாய்ப் புகுந்து மீண்டும் வெடிப்புத் தரும். ஆகவே கம்பிகளைப் போறணையின் நெருப்புப் பக்கத்தில் நெடுநேரம் காயவைத்தார். பாண் வேகும் அடுப்பில் இரும்புக்கான மருந்தும் வெந்தது. தகட்டைச் சூடேற்றி, சிறிது சிறிதாக ஒட்டி, ஒவ்வொரு படைக்கும் கசட்டைத் தட்டி நீக்கி, இருபுறமும் முட்டுத் தகடு வைத்து முடிக்கையில் மாலை நான்கு மணி. உடனே குளிரவிடாமல் போறணைச் சாம்பலால் மூடினார். அன்றைய விறகை மூதூர் மனிதர் கோடரியால் பிளந்தார்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், இன்ன உறுப்புப் போனால் இவ்வளவு என்று விகிதம் வகுத்துக் கூறும். போகாமல் தப்பிய காதுக்கு அதில் இடமில்லை. எனவே அவரது கூலியில் கழிப்பதில்லை என்ற ஒரு சொல்லையாவது வாங்கிவிட எண்ணி நாம் முதலாளியிடம் பேசினோம். மதிலிலிருந்த கரிக்கணக்கைச் சுட்டிக்காட்டினோம். நெடுநேரம் அதைப் பார்த்தவர், “சரி, மாஸ்டர்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் இளைஞர் வால்வை 175க்குத் தணித்து, நட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே சிவப்புப் பூச்சால் ஒரு கோடு இழுத்தார். யாராவது திருகினால் கோடு விலகும். “சேர், நீங்க எழுதுங்க. உங்கட எழுத்து வடிவு” என்று தூரிகையை எம்மிடம் நீட்டினார். ‘175க்கு மேல் ஏற்றலாகாது’ என்று உத்தரத்தின்மேல் எழுதினோம். அதே சிவப்பு.

இப்பொழுது ஒவ்வொரு காலையும் மோட்டாரைப் போடுமுன் மூதூர் மனிதர் அந்தக் கோட்டின்மேல் பெருவிரலை ஓட்டிப் பார்க்கிறார். கூலியில் கழிக்கப்படவில்லை. ஒட்டு வேலைக்கு முதலாளி அரைநாட் காசு கொடுத்திருக்கிறார். மீதியை இளைஞர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.