ஆச்சியின் மாத்திரை அட்டை

பத்தாம் வகுப்பு முடித்த பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று வந்து, "அண்ணே, பார்மசி படிக்க நீட் எழுதணுமா?" என்று கேட்டான். வேண்டாம். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். கூடவே உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். டி.பார்ம் 2 ஆண்டு, பி.பார்ம் 4 ஆண்டு. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பி.பார்ம் இருக்கிறது.

ஆனால் நான் மருந்தாளுநர் வேலைக்குத் தயாரானது கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில்தான். அப்பளம் இட்டே கை காய்த்துப்போன ஆச்சி, மாத்திரை அட்டையை நீட்டி, "ஏலே, இது காலையில போடணுமா, ராத்திரியா?" என்பாள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அட்டையைத் திருப்பிப் படிப்பேன். பளிச்சென்று இருந்தது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருந்ததுதான் மருந்தின் பெயர். பக்கத்தில் மில்லிகிராம், காலாவதி மாதம்.

ஒருநாள் இரண்டு அட்டைகளிலும் அந்தச் சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின் என்றே இருந்தது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிக்கொடுத்தவை. மேலே வேறு வேறு பெயர் இருந்ததால் ஆச்சி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், ஒன்றை நிறுத்தினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதுதான் என் வேலை என்று.

பார்மசி படிக்க ஆசையா? வேதியியலை மனப்பாடம் செய்யாதீர்கள், புரிந்து படியுங்கள். மாத்திரை அட்டையைப் படிக்கவும் பழகுங்கள். அதில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. இன்று ராத்திரி உங்கள் ஆச்சி, தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, அட்டைகளில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்.