ச இல்லாத கீபோர்டு

தோழர்களே, இந்த முறை ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதுகிறேன். என் கணினியோடு கிடக்கும் கீபோர்டு. மடிக்கணினியில் இருப்பது போலவே தட்டையானது, குட்டையானது. வலப்பக்கம் எண்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. பின்னால் ஒரு யூஎஸ்பி ஒயர். விலை 450 ரூபாய். இதை ஏன் வாங்கினேன் என்று சொல்ல, என் பெரியம்மாவின் மனுவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் பிளவக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அந்தத் தண்ணீர் பாயும் தோப்புகளில்தான் எங்கள் தெருச் சனங்களுக்குக் கூலி வேலை. பல வருடங்களுக்கு முன், கூலி பாக்கியைக் கேட்கப் போன பெரியம்மாவை, பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேர் முன்னால் ஒருவர் சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார். மனு கொடுக்க டவுனில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனோம். பெரியம்மா சொல்லச் சொல்ல அவர் அடித்தார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. தாளை வாங்கிப் படித்தேன். "கூலி தொடர்பாக இருவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டது" என்று இருந்தது. சாதி என்ற சொல்லே அதில் இல்லை. பத்துப் பேர் நின்றதும் இல்லை.

கேட்டேன். "அதெல்லாம் எழுதுனா உங்களுக்குத்தான்பா பிரச்சன. இப்படிப் போட்டாத்தான் வாங்குவாங்க" என்றார். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். பெரியம்மா கைநாட்டு வைத்தார். விஷயம் வாய்த்தகராறாகவே முடிந்து போனது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பின்னால் படித்தபோதுதான் அந்த ஒரு வரியில் என்ன போனது என்று புரிந்தது. சாதிப் பேரைச் சொல்லித் திட்டியது, அது பொதுமக்கள் பார்வையில் நடந்தது. இந்த இரண்டும்தான் அந்தக் குற்றத்தின் உயிர். இன்றைக்கு அது 3(1)(எஸ்) பிரிவு. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சண்டை.

அதனால் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. க-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழை வரவழைக்க வேண்டியதில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களே போதும்.

கணினி என்று என்னிடம் இருந்தது, அக்கா மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவள் படிப்பு முடிந்து எனக்குத் தந்தாள். ஒரு ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, கீபோர்டின் வலது ஓரத்தில் சில விசைகள் செத்துவிட்டன. ஆங்கிலத்தில் அடித்தால் பெரிய நஷ்டமில்லை. அங்கே இருப்பது அடைப்புக்குறி, சாய்கோடு போன்ற குறிகள்தான். ஆனால் தமிழ்99-இல் ச, ஞ, ந, ய, ழ எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. சாதி என்று அடிக்க முடியவில்லை. நியாயம் வரவில்லை. வழக்கு வரவில்லை. பழைய மனுக்களில் இருந்து ஒவ்வொரு ச-வையும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பழுது பார்க்கக் கேட்ட பணம் கட்டுப்படியாகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு கடையில் இந்தக் குட்டைக் கீபோர்டைப் பார்த்தேன். வாங்க நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் சில மாடல்களில் வலது ஓர விசைகளைத்தான் ஒடுக்குவார்கள், இடம் மாற்றுவார்கள். அம்புக்குறி விசையை நுழைக்க, ழ இருக்கும் சாய்கோட்டு விசையைப் பாதியாக்கிவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு அது ஓரம். நமக்கு அது நடு. அதனால் கடையிலேயே சாதி, ஞாயிறு, நியாயம், வழக்கு என்று நான்கு சொற்களைத் தட்டிப் பாருங்கள். விரல் தடுமாறினால் வேறு மாடல் கேளுங்கள்.

ஒயர் உள்ளதை எடுத்ததற்குக் காரணம் எளிது. பேட்டரி தீராது. மனு அவசரம் பேட்டரிக்குத் தெரியாது. மடிக்கணினி போலவே இருப்பதால் விரலுக்குப் புதுப் பழக்கம் தேவைப்படவில்லை. சத்தமும் குறைவு. ஒரே அறை உள்ள வீட்டில், பிள்ளைகள் தூங்கும்போது அடிக்க அது முக்கியம். குறையும் உண்டு. சர்வே எண், தேதி எல்லாம் மேல் வரிசையில் தேடித்தான் அடிக்க வேண்டும்.

நம் எழுத்தை நாமே அச்சிடுவது புதிதல்ல. ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அச்சுக்கூடம் தேவைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்த வேலை அது. நமக்கு இன்று தேவை 450 ரூபாய்.

ஆனால் கீபோர்டு கையில் வந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனு அடித்தேன். முடித்ததும் வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காத்திருக்க வைத்தார்னா போட்ட? நான் அப்படியா சொன்னேன்? வெயில்ல நிக்க வச்சான்னுல்ல சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. டைப்பிங் கடைக்காரர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். படித்தவனின் கை, வலியை மரியாதையான தமிழுக்கு மாற்றிவிடுகிறது. அழித்துவிட்டு அவர் சொன்னதையே அடித்தேன்.

வாய்மொழிப் புகாரைக் காவல் அதிகாரி எழுதினால், கையெழுத்து வாங்குமுன் அதைப் புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. 2015 திருத்தத்தில் வந்தது இது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிகாரியிடம் நாம் கேட்பதை நாமும் செய்ய வேண்டாமா? அடித்து முடித்ததும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். பிறகு அச்செடுங்கள்.

அந்த அக்கா மனுவை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு சொன்னார்: "இப்பத்தாண்டா நான் பேசுன மாதிரி இருக்கு."

பெரியம்மா இதைக் கேட்க இப்போது இல்லை.