தன் நூலைத் தானே புகழலாமா?

நூலகப் பாடவேளை என்றால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. இவ்வாண்டு எங்களைப் பெரிதும் கவர்ந்தவை விஞ்ஞான நாவல்கள். அவற்றிலும் ஒரு தனி வகை உண்டு. வெள்ளித்திரையில் வந்த கதையை, அல்லது தொலைக்காட்சித் தொடரில் வந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, வேறோர் எழுத்தாளர் எழுதித் தரும் நாவல்கள் அவை. அப்படி எழுதியவர்களே சில நேரங்களில் வாசகரைப் பார்த்து, "நான் எழுதியவற்றுள் இதைப் படியுங்கள், இது நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்வதுண்டு. இது முறைதானா, அல்லது தற்பெருமையா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வாரம் விவாதம் நடந்தது. அதன் பயனை இங்கே எழுதுகிறோம்.

தற்பெருமையே என்று வாதித்த தோழியர் நன்னூலைத் துணைக்கு அழைத்தனர். எத்துணை அரிய நூலை இயற்றியவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகுதியன்று என்கிறார் பவணந்தி முனிவர். சிறப்புப் பாயிரம் பாடும் பொறுப்பையும் அவர் நூலாசிரியருக்குத் தரவில்லை. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருக்கே தந்திருக்கிறார்.

மறு கட்சியினரும் அதே நன்னூலைப் புரட்டினர். அடுத்த நூற்பாவிலேயே முனிவர் நான்கு விலக்குகள் தருகிறார். தம் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போதும், எதிரி தம்மைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பவை அவற்றுள் இரண்டு. படத்தை ஒட்டி நாவல் எழுதுவோரின் நிலை இதுவே அல்லவா? "படத்தைப் பார்த்து எழுதியதுதானே!" என்று உலகம் அவர்களை எளிதில் ஒதுக்கிவிடுகிறது.

ஆலன் டீன் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பாருங்கள். 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977 மே மாதம் வெளிவந்தது. அதன் நாவல் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அட்டையில் இருந்த பெயர் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ். உள்ளே இருந்த எழுத்து முழுவதும் ஃபாஸ்டருடையது! பின்னர் படக் கம்பெனிகள் கை மாறின. தமக்குச் சேர வேண்டிய ராயல்டி வரவில்லை என்று 2020ஆம் ஆண்டு அவர் வெளிப்படையாக முறையிட வேண்டியதாயிற்று. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம் அவருக்குத் துணை நின்றது. இத்தகையவர் தம் நூலைப் பற்றித் தாமே பேசாவிட்டால் வேறு யார்தான் பேசுவார்?

இந்நூல்கள் வெறும் நகல்களும் அல்ல. 1966ஆம் ஆண்டு 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்ற படம் வந்தது. மூளையில் இரத்தம் உறைந்த ஒரு விஞ்ஞானியைக் காப்பாற்ற, நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை ஆட்களோடு நுண்கிருமி அளவுக்குச் சுருக்கி, அவர் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அறுபது நிமிடத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். தவறினால் எல்லாம் பழைய அளவுக்குப் பெருத்துவிடும். படத்தில் கப்பலை ஒரு வெள்ளையணு விழுங்கிவிடுகிறது. ஆட்கள் கண்ணீரோடு வெளியேறித் தப்புகிறார்கள். கப்பல் மட்டும் உள்ளேயே நின்றுவிடுகிறது! அது பெருத்தால் நோயாளியின் கதி என்ன?

இக்கதையை நாவலாக எழுதிய ஐசக் அசிமோவ் உயிர்வேதியியல் பேராசிரியர். இந்த ஓட்டையை அவர் அப்படியே விடவில்லை. கப்பலை விழுங்கிய வெள்ளையணுவையும் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு அவர்கள் வெளியே வருவதாக மாற்றி எழுதினார். ஆயினும் அடிப்படைக் கதை பிறருடையது என்ற குறை அவருக்கு இருந்தது. 1987ஆம் ஆண்டு அதே கருவைத் தம் விருப்பப்படி வேறொரு நாவலாக எழுதினார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றியது. 'ஸ்டார் டிரெக்' தொடரில் கப்பலைச் செலுத்தும் சூலு என்பவருக்கு முதற்பெயரே கிடையாது. 1981ஆம் ஆண்டு அத்தொடரை ஒட்டி நாவல் எழுதிய வாண்டா மெக்கின்டயர் அவருக்கு 'ஹிகாரு' என்று பெயர் சூட்டினார். ஜப்பானிய மொழியில் அதற்கு ஒளி என்று பொருள். பத்தாண்டுகள் கழித்து, 1991ஆம் ஆண்டு வந்த திரைப்படத்தில் அந்தப் பெயரே ஒலித்தது. படத்திலிருந்து நூலுக்கு வந்த பாத்திரம், நூலிலிருந்து ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டு படத்துக்குத் திரும்பியது!

இந்த விவாதம் எங்கள் வகுப்பறையிலேயே ஒரு பலனைத் தந்தது. எங்கள் தோழி ஒருத்தி அந்த நீர்மூழ்கிக் கப்பலை வைத்து மூன்று கதைகள் எழுதி, பூகோள நோட்டுக்கு அடியில் பல மாதங்களாக ஒளித்து வைத்திருந்தாள். பெண்பிள்ளை தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொள்வதா என்ற கூச்சம். விவாதம் முடிந்த அன்று நோட்டை மேசைமேல் வைத்தாள். "மூன்றாவது கதையை முதலில் படியுங்கள். மலேரியா நோயாளியின் கல்லீரலுக்குள் கப்பல் போகும் கதை. விஞ்ஞானப் பாடம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். முதல் கதை கொஞ்சம் இழுக்கும்" என்றாள். படித்தோம். அவள் சொன்னது முற்றிலும் உண்மை! அந்த நோட்டு இப்போது வகுப்பு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவள் சொன்ன முறையிலேயே எங்கள் விவாதத்துக்கு விடை இருந்தது. தன் எழுத்தில் எது நன்று, அது யாருக்கு ஏற்றது, எதில் குறை என்று மூன்றையும் நேர்மையாகச் சொன்னால் அது தற்பெருமை ஆகாது. வாசகருக்கு வழிகாட்டுதலே ஆகும். குறையை மறைத்து நிறையை மட்டும் சொல்வதுதான் விளம்பரம். இருகட்சித் தோழியரும் இதை ஏற்றுக்கொண்டோம்.

அன்புத் தங்கையரே, உங்கள் நோட்டுகளுக்கு அடியிலும் எத்தனையோ கதைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அடக்கம் நல்ல அணிகலன்தான். அதற்காக எழுதியதை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மலருக்குக் கதை கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். "இது நான் எழுதியது, இதை முதலில் படியுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். அதைப் படிக்க அக்காமாராகிய நாங்கள் காத்திருப்போம்.