பருவத்துக்குக் காத்திருக்கும் நாக்கு

பூசணிக்காயை மொழிபெயர்ப்பது சுலபமான காரியமல்ல. மலையாளத்தில் எரிசேரிக்குப் போடுவது மத்தன். ஓலனுக்குப் போடுவது கும்பளங்கா. அதையே பாலக்காட்டுப் பேச்சில் இளவன் என்பார்கள். முதலாவதைப் பரங்கிக்காய் என்று எழுதினால் சென்னை வாசகருக்குப் புரியும். தென் மாவட்டங்களில் அதுதான் பூசணி. இரண்டாவதைப் பூசணி என்று எழுதினால் நெல்லைக்காரர் மஞ்சள் காயை வாங்கி வந்து ஓலன் வைத்துவிடுவார். அவருக்கு வெள்ளைக்காய் என்றால் தடியங்காய். மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்துப் பிழைக்கும் எனக்கு அரசியல் கட்டுரைகளைவிடச் சமையல் குறிப்புகள்தான் அதிக நேரம் பிடிக்கின்றன. அகராதியை மூடி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்க் காயைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விடிவு.

நான் போகும் சந்தை வேலந்தாவளத்தில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோவை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஏலம் தமிழில் நடக்கும், ரசீது மலையாளத்தில் வரும், பேரம் இரண்டிலும் கலந்து ஓடும். மாசி மாதத்தில் ஒருநாள் கூர்க்கன் கிழங்கு கேட்டேன். கடைக்காரப் பெண்மணி சிரித்துவிட்டார். "அது தையோட முடிஞ்சு போச்சுங்க. இனி அடுத்த மார்கழிக்கு வாங்க. இப்ப மாங்கா வந்திருக்கு, பாருங்க" என்றார். பத்து மாதம் கழித்து வரச் சொல்லும் வியாபாரி வேறு எந்தத் தொழிலில் கிடைப்பார்?

அந்தப் பதிலில் ஒரு பஞ்சாங்கமே அடங்கியிருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்குக் கேரள வீடுகளில் காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கன் எல்லாம் சேர்த்துப் புழுக்கு செய்கிறார்கள். அதே நாளில் தமிழ் வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும். இங்கே கூர்க்கன் என்பதுதான் நெல்லையில் சிறுகிழங்கு. அங்கே பொங்கல் படையலில் அது இல்லாவிட்டால் பொங்கலே இல்லை. கிழங்குகள் ஓயும்போது முதலமடை மாங்காய் வந்துவிடும். நாட்டிலேயே மாம்பழப் பருவம் முதலில் தொடங்கும் இடங்களில் இந்த மலையடிவார ஊரும் ஒன்று. மற்ற இடங்களில் மாமரம் பூத்துப் பிஞ்சு விடும்போது இங்கே பெட்டி கட்டுகிறார்கள். சித்திரை பிறந்தால் விஷுக் கனிக்குப் பொன்னிற வெள்ளரி. பிறகு பலா. இரண்டு மாநிலங்களும் பல விஷயங்களில் சண்டை போட்டாலும், இரண்டுக்கும் மாநிலப் பழம் பலாதான். கேரளம் 2018-இல் அதை முறைப்படி அறிவித்தது.

ஆவணி வந்தால் மலையைப் பார்க்க வேண்டும். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறி, அங்கிருந்து காந்தளூருக்குப் போகலாம். இடுக்கி மாவட்டத்தின் மற்ற பகுதிகள் மழையில் ஊறிக்கொண்டிருக்க, மழைமறைவுப் பிரதேசமான இந்த மூலை கொஞ்சம் வெயிலையும் பார்க்கும். கீழே கரும்பு, மேலே படிக்கட்டு வயல்களில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு, தோட்டங்களில் பிளம்ஸ், பீச், ஆப்பிள். கேரளத்தில் ஆப்பிள் விளையும் அபூர்வமான இடம் இது. அப்போதுதான் பிடுங்கிய கேரட்டை வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கடித்தால் அதில் இனிப்புக்கும் முன்னால் ஒரு மண்வாசம் வருகிறது. நகரத்துக் கேரட்டில் அந்த வாசம் லாரியிலேயே இறங்கிப் போய்விடுகிறது.

பக்கத்து வட்டவடையில் பயிர் செய்பவர்களின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். வீட்டு மொழி தமிழ். காந்தளூர்-வட்டவடைப் பூண்டு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலக்காட்டு அட்டப்பாடியின் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் அதே ஆண்டில் பெற்றன. மறையூர் வெல்லம் 2019-இலேயே பெற்றுவிட்டது. ஆனால் மலைப்பூண்டு பெரும்பாலும் தேனி மாவட்டம் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கித்தான் விலை காண்கிறது. மலைக்காய்களில் ஒரு பகுதி தமிழகச் சந்தைக்குப் போய், வேறு லாரியில் ஏறி, மறுபடி கேரளத்துக்கே வருவதும் உண்டு.

தண்ணீரின் வழியும் இப்படிப்பட்டதுதான். மறையூர் மலைகளில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதி அணையை நிரப்புகிறது. அட்டப்பாடி வழியாக ஓடும் பவானி கோவை, ஈரோட்டு வயல்களுக்கு வருகிறது. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கை வளர்க்கிறது. எதிர்த்திசையில், பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி (1970) ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர் வயல்களுக்குப் போக வேண்டும். கம்பத்துக் காய் குமுளி வழியாகவும், ஒட்டன்சத்திரத்துக் காய் பாலக்காடு வழியாகவும் கேரளச் சமையலறைகளுக்குப் போகின்றன. அணைகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் மதியம் சாப்பிட உட்காரும் இலையில் இரண்டு மாநிலத்துத் தண்ணீரும் இருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு கசப்பும் உண்டு. எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் நாடு முழுவதும் தடை விதித்தது. 2015-இல், தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளத்தில் பெரும் சர்ச்சை கிளம்பியது. தமிழக விவசாயிகள் கொதித்தார்கள். கேரளத்து வீடுகளில் மொட்டைமாடித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகியது நல்லதுதான். ஆனால் மருந்து மாநில எல்லையைப் பார்த்துத் தெளிக்கப்படுவதில்லை. வருடம் பூராவும் எல்லாக் காயும் வேண்டும், அதுவும் புள்ளி விழாமல் பளபளவென்று வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். பருவம் தப்பிய செடி பூச்சியோடும் வெயிலோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். அதற்கு மருந்து வேண்டும். முந்தி வரும் மாம்பழத்துக்கும் இந்தச் சங்கடம் உண்டு. முதலமடைத் தோப்புகள் அண்மை ஆண்டுகளில் இலைப்பேனிடம் படாதபாடு பட்டன. பழத்தை அவசரமாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லுக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. நம் அவசரத்துக்குத் தடை இல்லை.

விவசாயிக்கு என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2020 நவம்பர் 1-ஆம் தேதி, மாநிலப் பிறவி நாளன்று, கேரள அரசு 16 விளைபொருள்களுக்கு அறிவித்த அடிப்படை விலை நடைமுறைக்கு வந்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்பது கணக்கு. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். பூண்டுக்கு 139 ரூபாய். காய்கறிக்கு இப்படி விலை நிர்ணயித்தது நல்ல முன்மாதிரி. ஆனால் அறிவித்த விலை கைக்கு வர வேண்டும். கொடுத்த காய்க்கு மாதக்கணக்கில் பணம் நிலுவை என்று வட்டவடை விவசாயிகள் பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுக்கும் வியாபாரி கையில் ரொக்கத்தோடு வருகிறார். விலையையும் அவரே சொல்கிறார். அலுத்துப்போனவர்கள் நிலத்தில் யூகலிப்டஸ் நட்டார்கள். அது தண்ணீரை உறிஞ்சி, பக்கத்து வயலையும் காயவிட்டது. இப்போது விடுதிகளும் வருகின்றன. வயலைப் பார்க்க வரும் பயணிக்காக வயலிலேயே விடுதி கட்டினால், கடைசியில் ஜன்னல் வழியே அடுத்த விடுதிதான் தெரியும்.

என் வீட்டுக்குப் பின்னால் நான்கு சென்ட் இடம் இருக்கிறது. முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, கோவைக்கொடி, அட்டப்பாடி நண்பர் கொடுத்த விதையிலிருந்து ஓர் அவரைப் பந்தல். அந்த அவரை ஊதா ஓடிய நிறத்தில், ஆட்டுக்கொம்பு போலவே வளைந்து தொங்கும். பூச்சியை ஓரளவு தானே தாங்கிக்கொள்ளும். காலையில் பறித்து, தேங்காய் எண்ணெயில் கடுகு தாளித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினால் பத்து நிமிடத்தில் பொரியல் தயார். அதற்கு மேல் மசாலா எதுவும் போட மனம் வருவதில்லை. இந்தத் தோட்டம் ஒரு குடும்பத்தின் தேவையில் கால்வாசியைக்கூட நிறைவேற்றாது. மீதிக்குச் சந்தையில்தான் நிற்க வேண்டும். ஆனால் ஒரு காய் எப்போது வரும், எப்போது வராது என்று தோட்டம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அது தெரிந்தவரிடம் வியாபாரியும் பொய் சொல்வதில்லை.

சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. இன்று காய்கறி என்கிறோம். மலையாளிகள் பச்சக்கறி என்கிறார்கள். இலங்கைத் தமிழர் மரக்கறி என்கிறார்கள். ஒரு சொல் இத்தனை தூரம் நடந்து வந்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஊரிலும் அதைச் சட்டியில் போட்டுக் கிளற யாரோ இருந்ததுதான். கூர்க்கன் கிழங்கு நடுவது நின்றுபோனால் ஒரு திருவாதிரைக்குள் புழுக்கின் ருசி மாறிவிடும். சில வருடங்களில் அந்தப் பெயருக்கு அடிக்குறிப்பு எழுதும் வேலை என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு வந்து சேரும். கூலி கிடைக்கும் வேலைதான். அதைவிட, மார்கழி வரை காத்திருந்து, கிழங்கை மண்ணோடு வாங்கி வந்து, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.