பனிக்காலமும் இளம்பயிரும்

பொருநைக் கரையில் பிறந்த நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் ஈரம். வெயில் ஏறினால் மறைந்துவிடும். பத்தமடையில் கன்னடியன் கால்வாய் நீரை நம்பி உழுவோர் கார், பிசானம் என்னும் பருவங்களை மழையையும் அணைநீரையும் நோக்கியே கணிப்பர். குளிரிரவும் இலையில் தங்கும் பனிநீரும் பிசான நெல்லுக்குக் குலைநோயைக் கொணரும் என்னும் அச்சம் உண்டு. அதற்குமேல் பனியை நாம் பகையாக எண்ணியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குச் சென்றிருந்தபோது வேறொரு பனியைக் கண்டோம். பள்ளத்துத் தோட்டமொன்று விடியலில் உப்பளம்போல் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏற ஏற, அப்போதுதான் முளைத்திருந்த உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் பட்டவைபோல் கருகித் துவண்டன. “ஒரே ராத்திரிதானுங்க ஐயா, வாங்கின கடன் மட்டும் அப்படியே நிக்குது” என்றார் தோட்டத்துப் பெரியவர். மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானோக்கி வெளியேறிவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைவதால் அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. நீலகிரியில் உறைபனி பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விழும். ஏப்ரல்-மே மாதங்களில் ஊன்றும் கிழங்குக்கு அவ்வச்சம் இல்லை. ஜனவரி-பிப்ரவரியில் நீர்பாய்ச்சி ஊன்றும் போகத்திற்கே ஆபத்து மிகுதி. ஆதலின் அப்போகத்திற்குப் பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவான நிலத்தைத் தேர்வது அறிவுடைமை. ஈரமண் பகல் வெப்பத்தைக் காத்து வைக்குமாதலால் முன்னரே நீர் பாய்ச்சுவதும் நன்று. இளந்தேயிலைக் கன்றுகளைக் காய்ந்த புல்லாலும் பெரணித் தழையாலும் மூடுவர்.

தரைக்குளிர் உடலில் ஏறாதிருக்கக் கோரைப்பாய் நெய்து தரும் ஊர் நம்முடையது. மலையிலோ நிலத்தின் வெப்பம் நீங்காதிருக்கப் புல்லே பாயாகிறது. முன்னது கீழே விரிப்பது, பின்னது மேலே போர்த்துவது. வேறுபாடு அவ்வளவே.

அப்பெரியவர் கூறிய மற்றொன்று நம் நெஞ்சில் நிலைத்தது: “ராத்திரி மூடுறது பெரிசில்லைங்க, விடிஞ்சதும் எடுத்துடணும். பகலிலும் மூடியே வச்சா செடி வெளுத்துப் போகும்.”

இல்லத்தில் இளையோரை வளர்க்கும் பெரியோர்க்கும் இச்சொல் பயன்படும். குளிர் வருமுன் காப்பது அன்பு. வெயில் வந்தபின் விலகி நிற்பதும் அன்பே. மாணவச் செல்வங்களே, போர்த்திய கையையும் விலக்கிய கையையும் ஒருங்கே போற்றுவீர்களாக!